அறைக்கு அறை கதை கொண்டு போன மிஸ்

மிஸ்ஸுக்கு ஒரு விஷயம் காலையில் தெரிந்தால், மத்தியானச் சோற்றுக்கு முன்னம் அது கம்பனி முழுக்கத் தெரிந்துவிடும். அது அவருடைய குணம். கெட்ட குணம் என்று சொன்ன ஆட்களும் உண்டு. நல்லதா கெட்டதா என்று ஒரு சொல்லில் சொல்ல எனக்கு இன்றைக்கும் வரவில்லை. அதனால்தான் பிள்ளைகளே, நடந்ததை நடந்தபடி உங்களுக்கு எழுதி வைக்கிறேன். அவருடைய பெயரை எழுதவில்லை. நாங்களும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மிஸ் என்றால் அவர்தான். கம்பனியில் வேறு மிஸ் இல்லை.

நீங்கள் பிறக்க முன்னம் நான் வேலை செய்த இடம் அது. வாவிக் கரையில் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கட்டடம். நடுவில் ஒரு சுவர், சுவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு அறை, சுவரில் ஒரு கதவு. பிறநாட்டுச் சாமான் வருவது நின்றுபோன காலம். வாழைச்சேனையிலும் மற்றக் கரைகளிலும் தோணி வைத்திருந்தவர்கள் அடிப்பலகைக்குப் பூசப் பெயின்ற் கிடைக்காமல் தவித்தார்கள். பூசாத பலகையைப் புழு துளைத்துவிடும். பார்த்திருக்கத் தோணி சல்லடையாகிப் போகும். நூல் வலைகளுக்கும் அதே கதிதான். உப்புத் தண்ணீரில் கிடந்து உளுத்துவிடும்.

கஜு என்கிற முந்திரிக் கொட்டையில் பருப்பை எடுத்துவிட்டுத் தோட்டை எறிவார்கள் அல்லவா, அந்தத் தோட்டுக்குள் ஒரு கறுத்த எண்ணெய் இருக்கிறது. கையில் பட்டால் தோல் வெந்து உரியும். ஆனால் அது ஊறிய பலகையைப் புழு அண்டாது. அந்த எண்ணெயைத் தோணிக்குப் பூச்சாகவும் வலைக்குச் சாயமாகவும் ஆக்க முடியுமா என்று செய்து பார்ப்பதற்காகத்தான் அந்த இரண்டு அறைகளும் இருந்தன. சின்னக் கம்பனிதான். ஆனாலும் அந்த நேரம் அப்படியொரு வேலை நம்முடைய பக்கத்தில் நடந்ததென்பது பெரிய காரியம்.

தோணி அறைக்குப் பெரியவர் சாமித்தம்பி அண்ணன். எங்களுடைய சித்தாண்டி ஆள். முன்பு தோணி கட்டுகிற இடங்களில் பலகை இடுக்கு அடைத்துத் திரிந்தவர். எதையாவது எதனோடாவது கலந்து காய்ச்சிப் பார்க்காவிட்டால் அவருக்கு நாள் போகாது. வலை அறைக்குப் பெரியவர் சவரிமுத்து அண்ணன். பட்டணத்து ஆள். வலைக்குச் சாயம் போட்டுப் பழகினவர். அவரும் அதே காய்ச்சிப் பார்க்கிற வருத்தம் பிடித்தவர். இருவரும் கெட்டிக்காரர்கள், இருவரும் ரோசக்காரர்கள். நான் தோணி அறையில் பலகை சீவினேன். அவர்கள் பூசிப் பார்க்கத் துண்டுப் பலகை வேண்டும். அதைச் சீவி அளவாக வெட்டிக் கொடுப்பது என் வேலை.

மிஸ்ஸின் வேலை சோதித்துப் பார்ப்பது. விஞ்ஞானம் படித்தவர். பட்டம் எடுத்தாரோ இடையில் விட்டாரோ நான் கேட்கவில்லை. இரண்டு அறையிலும் பூசிக் கொடுக்கிற பலகையையும் நூலையும் கயிற்றில் கட்டி, வாவிக்குள் நீட்டியிருந்த மரப்பாலத்தின் கீழே தொங்கவிடுவார். பிறகு தூக்கிப் பார்ப்பார். மெலிந்த ஆள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, முழங்கை வரைக்கும் வாவிச் சேற்றோடு நிற்பார். மழையோ வெயிலோ ஒரு கறுத்தக் குடை கூடவே வரும். ஞாயிற்றுக்கிழமையில் மெதடிஸ்த கோயிலில் பாட்டுப் படிக்கிறவர் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு கரகரத்த குரல்.

இரண்டு அறைக்குள்ளும் நடமாடுகிற ஆள் அவர் ஒருவர்தான். வந்ததும் வராததுமாகக் கேட்பார்.

"இண்டைக்கு என்ன பழுதாகிச்சு?"

சாமித்தம்பி அண்ணனுக்கு ஆரம்பத்தில் அது பிடிக்கவேயில்லை.

"ஏன் மிஸ், வெள்ளன வாயில ஒரு நல்ல சொல்லு வராதா உங்களுக்கு?"

"நல்லது நடந்தா நீங்களே கூப்பிட்டுக் காட்டுவிங்க. பழுதானதத்தான் நான் கேட்டு எடுக்கணும்."

"பழுதானத எடுத்து என்ன செய்யப் போறிங்க? கறி ஆக்கவா?"

"எனக்கும் ஒண்டு பழுதாகிட்டு அண்ணன். ராவு காத்துக்குக் கயிறு அறுந்து உங்கட பலகை ரெண்டும் வாவிக்குள்ள போயிற்று. நான் கட்டின முடிச்சுத்தான் சரியில்ல."

இப்படித் தன்னுடைய பிழையை முதலில் எடுத்து வைப்பார். அப்படி ஒருவர் வைத்தால் மற்றவர் எப்படி மூடி வைப்பது? சாமித்தம்பி அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே சொல்லத் தொடங்குவார். மண்ணெண்ணெய் கலந்தேன், காயவில்லை. குங்கிலியம் போட்டேன், வெடித்துப் போயிற்று. மிஸ் தேத்தண்ணியில் பாதியை எங்கள் அறையில் குடிப்பார். மிச்சப் பாதியை அந்தக் கோப்பையோடேயே வலை அறைக்குக் கொண்டு போய்க் குடிப்பார். கோப்பையோடு கதையும் போய்விடும். இரண்டு அறையிலும் அவருக்கு றேடியோ என்று பெயர்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் கொண்டு போகிற கதை பல நேரம் பிழையாகத்தான் போகும். காய்ச்சுகிற கை அவருக்கு இல்லை. பாதி விளங்கும், பாதியைத் தானாகச் சேர்த்துக்கொள்வார். ஒருநாள் வந்து சொன்னார்:

"சாமித்தம்பி அண்ணன், அங்கால சவரிமுத்து அண்ணன் எண்ணெய்க்குள்ள சுண்ணாம்பு போடுறார்."

சாமித்தம்பி அண்ணன் சட்டியைக் கிண்டிய துடுப்புக்கட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"எண்ணெய்க்குள்ள சுண்ணாம்பா? விசரா அவனுக்கு?"

"நான் கண்டன் அண்ணன்."

"வாங்க, கேப்பம்."

கதவைத் திறந்துகொண்டு போனார். நானும் பின்னால் போனேன். சவரிமுத்து அண்ணன் தலையில் கை வைத்தார்.

"ஐயோ மிஸ்! நான் நூலத்தான் சுண்ணாம்புத் தண்ணியில நனைக்கிறன். மறுகாத்தான் எண்ணெய். எண்ணெய்க்குள்ள போட்டா கட்டியாகிப் போகுமே!"

"கட்டியாகுமா?" என்று கேட்டார் சாமித்தம்பி அண்ணன். கேட்ட குரலில் இருந்த கோபம் பாதியில் நின்றுபோயிற்று. "எவ்வளவு நேரத்தில?"

அவருக்கு அதுவரை இருந்த பெரிய கரைச்சல் பூச்சுக் காயாமல் இழுபடுவதுதான். வலைக்காரனுக்குப் பழுதான ஒன்று தோணிக்காரனுக்குத் தேவையாயிருந்தது. அன்றைக்குப் பின்னேரம் இருவரும் ஒரே சட்டிக்கு முன்னால் குந்தியிருந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு போட்டுப் பார்த்ததை நான் என் கண்ணால் கண்டேன். எங்கள் கம்பனி முதன்முதல் விற்ற தோணிப் பூச்சு அதில்தான் வந்தது. மிஸ் மட்டும் மரப்பாலத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். தன்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார்களாம்.

"பிழையெண்டா திருத்துங்களன். அதுக்கு ஏன் சிரிக்கணும்?" என்று என்னிடம் சொன்னார்.

அவர் பிழையாகச் சொல்வதும், அதைத் திருத்த இவர்கள் கதவைத் திறந்துகொண்டு போவதும், போன இடத்தில் சண்டை பிடித்து ஒன்றைக் கண்டுபிடிப்பதும் பிறகும் பல முறை நடந்தது. அந்த இரண்டு பேருக்கும் எவ்வளவு மூளை இருந்தாலும், அந்தக் கதவு திறந்து மூடியதில்தான் அந்தக் கம்பனி வளர்ந்தது. அப்போது அது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. றேடியோ என்று சிரித்தோம், அவ்வளவுதான்.

மிஸ்ஸின் வாய் கம்பனி வாசலோடு நிற்கவும் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற பெண்ணுக்கு, கஜு எண்ணெய் பட்ட கைக்கு என்ன பூசுவதென்று சொல்லிக்கொண்டு வருவார். கரையில் தோணிக்காரர் யாரும் கேட்டால், பலகையை முதலில் நன்றாகக் காயவிடு, பிறகு பூசு, ஈரத்தில் பூசினால் உரியும் என்று நின்று விளக்கம் சொல்வார். அவர்களும் திருப்பிச் சொல்வார்கள், எந்தப் பக்கத்துத் தண்ணீரில் புழு கூடுதல், எந்த மாதத்தில் கூடுதல் என்று. அதையும் கொண்டு வந்து எங்களிடம் கொட்டுவார்.

பிறகு ஒரு காலம் வந்தது. கொழும்பில் வேறு ஒரு கம்பனி எங்களுடையதைப் போல ஒரு கறுத்தப் பூச்சைப் போத்தலில் அடைத்து விற்கத் தொடங்கியது. எங்களிடமிருந்து போனதா, அவர்களாகவே கண்டார்களா, கடவுளுக்குத்தான் தெரியும். எங்கள் முதலாளி கொழும்பில் இருந்தவர். இங்கே எல்லாம் மனேஜர்தான். முதலாளியிடமிருந்து உத்தரவு வந்தது. கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். ஒரு அறைக்காரன் மற்ற அறைக்காரனோடு வேலையைப் பற்றிக் கதைக்கக் கூடாது. கண்டுபிடித்ததை மனேஜரிடம் மட்டும் சொல்ல வேண்டும். பலகையிலோ நூலிலோ உப்புத் தண்ணீரிலும் உரியாத பூச்சை எந்த அறை முதலில் எடுக்கிறதோ, அந்த அறைப் பெரியவரின் வீட்டுக்குக் கம்பனி ஓடு போட்டுக் கொடுக்கும்.

சாமித்தம்பி அண்ணனின் வீடு கிடுகு வீடு. மாரி வந்தால் சட்டி பானையெல்லாம் ஒழுக்குக்குக் கீழேதான் இருக்கும். சவரிமுத்து அண்ணனின் வீடும் அப்படித்தான். ஓடு என்ற சொல் இரண்டு பேரின் நெஞ்சிலும் போய் இருந்துகொண்டது.

மிஸ்ஸை மனேஜர் தனியாகக் கூப்பிட்டார். வெளியே வந்தபோது முகம் செத்துப் போயிருந்தது.

"என்ன மிஸ்?" என்று கேட்டேன்.

"வேல வேணுமெண்டா வாய மூடச் சொல்றாங்க மனே."

"நீங்க என்ன சொன்னிங்க?"

"ஓமெண்டு சொல்லிட்டன். வாக்குக் குடுத்திட்டன்."

அவருடைய தாய் படுத்த படுக்கை. தம்பி ஒருவர் படித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் உழைப்பு இவருடையது மட்டும்தான். ஆனாலும் நாங்கள் அதைப் பகிடியாகத்தான் எடுத்தோம். மிஸ்ஸாவது வாயை மூடுவதாவது, ஒரு கிழமை தாங்காது என்று சொல்லிக்கொண்டோம்.

அவர் தாங்கினார். அதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். வாழ்நாளில் ஒன்றையும் பொத்தி வைக்கத் தெரியாதவர், கொடுத்த வாக்கை அப்படியே காத்தார். காலையில் வந்து பலகையை எடுப்பார். தேத்தண்ணியை முழுக்க மரப்பாலத்தில் நின்று குடிப்பார். என்ன பழுதாகிச்சு என்று கேட்பதில்லை. பல்லுவலிக்காரர் மாதிரி வாயை இறுக்கிக்கொண்டு திரிந்தார். ஏதும் கதைக்கத்தான் வேண்டுமென்றால் என்னிடம் வந்து, "உங்கட வட்டையில வெள்ளாம எப்படி?" என்று வயல் சங்கதி கேட்பார். சொன்னால் கேட்டுக்கொண்டிருக்கவும் மாட்டார்.

சாமித்தம்பி அண்ணனும் மாறிப் போனார். மிஸ் அறைக்குள் வருகிற சத்தம் கேட்டால் சட்டியின்மேல் சாக்கை இழுத்துப் போடுவார்.

"என்ன அண்ணன், சட்டி வயசுக்கு வந்திட்டா? முக்காடு போட்டிருக்கு?" என்று ஒருநாள் மிஸ் கேட்டார். அவர் சொன்ன கடைசிப் பகிடி அதுவாகத்தான் இருக்கும்.

"மிஸ் கோவிக்கப் படாது. மாரிக்கு முதல் ஓடு ஏத்தணும்."

சாமித்தம்பி அண்ணன் மண்ணெண்ணெயைக் கூட்டிக் குறைத்து மாதக் கணக்காக மினைக்கெட்டார். பலகைகள் தண்ணீரில் கிடந்து கொப்பளித்தன. சுவருக்கு அந்தப் பக்கம் சவரிமுத்து அண்ணனும் அதே மண்ணெண்ணெயோடு மினைக்கெட்டிருக்கிறார், அவருடைய நூலும் அதே மாதிரித்தான் பழுதாகியிருக்கிறது. இது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். இரண்டையும் ஒரே மரப்பாலத்தின் கீழே பக்கத்துப் பக்கத்தில் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்த்தவருக்கு அன்றைக்கே தெரியும். ஒருநாள் இரண்டு கையிலும் அவற்றைப் பிடித்தபடி அவர் நின்ற நிலையை நான் கண்டேன். எங்கள் கதவைப் பார்த்தார். வலை அறைக் கதவைப் பார்த்தார். திரும்பவும் இரண்டையும் தண்ணீருக்குள் விட்டார்.

மாரி தொடங்கியது. அந்த வருடம் பொல்லாத மழை. லொறியில் வந்த தோட்டு மூட்டைகள் நனைந்து வந்தன. அதில் எடுத்த எண்ணெயில் தண்ணீர் இருந்திருக்கிறது. வலை அறையில் ஒரு சின்னச் சட்டியில் காய்ச்சும்போது, அது திடீரென்று நுரைத்து எழும்பி வெளியே வழிந்திருக்கிறது. சின்னச் சட்டி என்றபடியால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சவரிமுத்து அண்ணன் கெட்டிக்காரர் அல்லவா, என்னவென்று பிடித்துவிட்டார். முதலில் மெல்லிய நெருப்பில் வைத்து ஈரத்தைப் போக்க வேண்டும். சட்டியில் பாதிக்கு மேல் ஊற்றவே கூடாது. மேலே நுரை கட்டத் தொடங்கினால் உடனே நெருப்பை இழுத்துவிட வேண்டும். இதை அவர் மிஸ்ஸிடம் சொன்னார். மிஸ்ஸிடம் சொல்லலாம், அவர்தான் யாருக்கும் சொல்லமாட்டாரே.

அந்த நேரம் எங்கள் அறையில் பெரிய கிடாரம் இறக்கி வைத்திருந்தோம். அதுவரைக்கும் நாங்களும் சின்னச் சட்டியில்தான் காய்ச்சினோம். முதலாளி கொழும்பிலிருந்து பார்க்க வருகிறார் என்று சொல்லியிருந்தார்கள். அவர் வரும்போது ஒரு முழுத் தோணிக்குப் போதுமான பூச்சைக் காய்ச்சிக் காட்ட வேண்டுமென்று சாமித்தம்பி அண்ணன் ஒரே பிடியாய் நின்றார். அதற்கு முதல் நாள் பின்னேரம், மழைக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு மிஸ் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"நாளைக்குப் பெரிய கிடாரமா, சாமித்தம்பி அண்ணன்?"

"ஓம் மிஸ்."

"எதுமட்டும் ஊத்துவிங்க?"

"விளிம்புமட்டும். முதலாளி வாறார், குறையவா வைக்கிற? ஏன் மிஸ், அங்கால போய்ச் சொல்லவா?"

அறைக்குள் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை.

"இல்ல. சும்மா கேட்டன்."

 குடையிலிருந்து தண்ணீர் வழிந்து அவருடைய காலடியில் தேங்கியது.

"கவனமா இரிங்க அண்ணன்" என்றார். போய்விட்டார்.

கவனமாக இரு என்று யார்தான் சொல்வதில்லை? நாங்கள் அதை ஒரு பேச்சாக எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலையில், முதலாளி வந்து சேர முன்னம், கிடாரத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, பூ வைத்து, எண்ணெய் ஊற்றி நெருப்பு வைத்தோம். முதல் காய்ச்சு என்றால் அப்படிச் செய்வதுதான் வழக்கம். நான் வெளியே தாழ்வாரத்தில் பலகை சீவிக்கொண்டு நின்றேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். எண்ணெய்க்கு மேல் வெள்ளை வெளேரென்று நுரை எழும்பி விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. தைப்பொங்கலும் கிட்டத்தான் இருந்தது. பால் பொங்கி வழிந்தால் நல்ல சகுனம் என்று பிறந்த நாளிலிருந்து கண்டவர்கள் நாங்கள். நுரை எழும்பினால் கைதட்டுகிற சனம். நெருப்பை இழுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"பொங்கலோ பொங்கல்!" என்று சாமித்தம்பி அண்ணன்தான் சத்தம் போட்டார். "இந்த முறை ஓடுதான்டா!" என்று சொல்லிக்கொண்டு, நுரையைக் கிட்டப் பார்ப்பதற்குக் குனிந்தார்.

அது ஒரேயடியாக எழும்பியது. வழிந்தது நெருப்பில் விழுந்து பற்றிக்கொண்டது. மிச்சத்தை நான் உங்களுக்கு எழுதமாட்டேன். மண்ணை அள்ளிப் போட்டோம், சாக்கைப் போட்டோம், ஆளை வெளியே இழுத்தோம். பூட்டியிருந்த நடுக்கதவை அந்தப் பக்கத்திலிருந்து சவரிமுத்து அண்ணன் உடைத்துக்கொண்டு வந்தார். வந்தவர் கிடாரத்தைப் பார்த்தார்.

"நிரப்பினாயா? ஏன்டா மச்சான் நிரப்பினாய்?" என்று கத்தினார். அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

சாமித்தம்பி அண்ணன் உயிர் தப்பினார். இரண்டு கண்ணும் போயிற்று. கைகளும் விரல் மடங்காமல் இறுகிப் போயின.

அதன் பிறகு கம்பனிக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். பூட்டை எடுத்தார்கள். யாரும் யாரோடும் கதைக்கலாம் என்று மனேஜரே வந்து சொன்னார். ஆனால் கதவு திறந்து கிடந்ததே தவிர, ஒருவரும் அதன் வழியே போகவில்லை. எங்கள் அறையில் செய்து பார்க்க ஆள் இல்லை. வலை அறையில் ஆள் இருந்தும் மனம் இல்லை. சவரிமுத்து அண்ணன் சொன்னதைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார். புதிதாக ஒன்றும் தொட்டுப் பார்க்கமாட்டார். ஒருநாள் மனேஜர் மிஸ்ஸைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன மிஸ், முன்ன மாதிரி இல்ல? இப்ப எல்லாருக்கும் சொல்லலாம்தானே?"

"என்னத்தச் சொல்ல சேர்?" என்றார் மிஸ். எரிச்சலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்கிற மாதிரித்தான் இருந்தது.

உரியாத பூச்சை எங்கள் கம்பனி கடைசி வரைக்கும் எடுக்கவில்லை. கொஞ்சக் காலத்தில் பிறநாட்டுப் பெயின்ற் திரும்ப வந்தது. தகரக் கட்டடத்தை யாரோ நெல் மூட்டை அடுக்க எடுத்தார்கள். நான் வயலுக்குத் திரும்பினேன். மிஸ் எங்கே போனார் என்று தெரியாது.

கம்பனி மூடிய கதை இவ்வளவும்தான். ஆனால் சித்தாண்டிக்கு மிஸ் வந்த நாளை எழுதாமல் இதை முடிக்க எனக்கு மனமில்லை. அது சாமித்தம்பி அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அதே வெள்ளைச் சேலையோடு மிஸ் பஸ்ஸில் வந்து இறங்கினார். வீடு தெரியாதென்று என்னைத் தேடி வந்தார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

வீட்டுக்கு ஓடு போட்டிருந்தது. கண் போனதற்காகக் கம்பனி போட்டுக் கொடுத்தது. சிவந்த புது ஓடு. அதன் கீழே சாமித்தம்பி அண்ணன் பாயில் சுவரோடு சாய்ந்திருந்தார். கண்ணில் துணி கட்டியிருந்தது.

"அண்ணன், மிஸ் வந்திரிக்கா" என்றேன்.

"வாங்க மிஸ். பிள்ள, மிஸ்ஸுக்கு ஒரு கதிர எடுத்துப் போடு."

அவருடைய மனைவியை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். மச்சாள் கதிரையைப் போட்டுவிட்டுக் கதவடியில் நின்றார். மிஸ் கதிரையில் இருக்கவில்லை. பாய்க்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்தார். குடையைப் பக்கத்தில் வைத்தார். பிறகு சொன்னார்.

"அண்ணன், எனக்கு முதலே தெரியும்."

"என்ன தெரியும்?"

"எண்ணெயில தண்ணி இருந்தா நுரைச்சு எழும்பும் எண்டு. சவரிமுத்து அண்ணனுக்கு அப்படி ஒருக்கா ஆகிச்சு. எனக்குச் சொன்னவர்."

"எப்ப?"

"உங்கட வாசலில வந்து நிண்டனே. அண்டைக்குக் காலையில."

சாமித்தம்பி அண்ணன் தலையைச் சுவரில் சாய்த்தார்.

"மனேஜரிட்டப் போனன் அண்ணன். சொல்லலாமா எண்டு கேட்டன். நாளைக்கு முதலாளி வாறார், அவரிட்டக் கேட்டுச் சொல்றன் எண்டார். மறுகாத்தான் உங்கட வாசலுக்கு வந்தன். சொல்லத்தான் வந்தன். எல்லாரும் சிரிச்சாங்க. வாக்குக் குடுத்திட்டமே எண்டு…"

 கதவடியில் நின்ற மச்சாள் அப்போதுதான் வாய் திறந்தார். சத்தம் போடவில்லை.

"பஸ்ஸில போற வாற சனத்துக்கெல்லாம் சொல்லுவிங்களாம். இவருக்கு மட்டும் சொல்ல ஏலாமப் போச்சா கா?"

மிஸ் தலையைக் குனிந்துகொண்டார்.  மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. அந்தக் கரகரத்த குரலில் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். ஈரத்தோடு தோடு வந்தால் முதலில் பரப்பிக் காயவிட வேண்டும். காய்ந்த தோட்டிலிருந்துதான் எண்ணெய் எடுக்க வேண்டும். எண்ணெயை மெல்லிய நெருப்பில் வைத்து, படபடவென்ற சத்தம் அடங்கும் மட்டும் பார்த்திருக்க வேண்டும். கிடாரத்தில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. நுரை கண்டால் நெருப்பை இழுத்துவிட வேண்டும், குனிந்து பார்க்கக் கூடாது. மண்ணெண்ணெயால் இரண்டு அறையிலும் ஒரே மாதிரித்தான் பழுதானது, அந்த வழியில் போய்ப் பயனில்லை. அந்த மாதங்களில் உள்ளே போட்டு வைத்திருந்த எல்லாவற்றையும், ஒன்று விடாமல், சாமித்தம்பி அண்ணனின் முகத்துக்கு நேரே இருந்து சொன்னார்.

சாமித்தம்பி அண்ணன் இடையில் மறிக்கவில்லை. ஓரிடத்தில் மட்டும், "பாதிக்கு மேல ஊத்தப்படாதா?" என்று கேட்டார். "ஓம் அண்ணன், பாதிதான்" என்றார் மிஸ். சாமித்தம்பி அண்ணன் இறுகிப்போன கைகள் இரண்டையும் மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

சொல்லி முடிந்தது. 

"சரி மிஸ்" என்றார் சாமித்தம்பி அண்ணன். "விளங்கிற்று."

மிஸ் தலையை ஆட்டினார். சாமித்தம்பி அண்ணன் அதைக் காணவில்லை.